‘வெற்றிகரமாக அனுப்பப்பட்டது’ என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் விட்ட புரோகிராம்

வாசகர் கடிதம் (சுருக்கம்): நடுத்தர நிறுவனம் ஒன்றில் ஐபிஎம் ஐ கணினியைத் தனி ஆளாகக் கவனித்துக்கொள்ளும் புரோகிராமர் எழுதியிருக்கிறார். இந்தக் கணினியை இன்னும் ஏஎஸ்/400 என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்களாம். தினமும் மாலை கணக்குப் பிரிவில் ஒருவர் மெனுவில் ஓர் எண்ணைத் தட்டுவார். அன்றைய பணப்பட்டுவாடா கோப்பு எஃப்டிபி (வலைப்பின்னலில் கோப்பு அனுப்பும் முறை) வழியாக வெளி நிறுவனம் ஒன்றுக்குப் போகும். முன்பெல்லாம் எஃப்டிபி திரை எழுந்து வரிகள் ஓடுமாம். அதைக் கண்டு மிரண்டு அந்த ஊழியர் நடுவில் எஃப்3 அழுத்திவிடுவாராம். அதனால் கட்டளைகளை ஒரு சோர்ஸ் மெம்பரில் (ஃபைலுக்குள் இருக்கும் தனிப் பகுதி) எழுதி, இன்புட், அவுட்புட் இரண்டையும் ஓவர்ரைடு செய்து (திரைக்குப் பதில் கோப்புக்குத் திருப்பிவிட்டு), வெளியீட்டை க்யூடெம்ப் என்ற தற்காலிக லைப்ரரியில் போட்டு, வேலை முடிந்ததும் அதை அழிக்கும்படி செய்திருக்கிறார். எஃப்டிபி கட்டளைக்குக் கீழே சிபிஎஃப்0000-க்கு (சிபிஎஃப் என்று தொடங்கும் எல்லாப் பிழைச் செய்திக்கும் பொது எண்) ஒரு மான்மெசேஜ், அதாவது பிழைச் செய்தியைப் பிடிக்கும் கட்டளை. கடைசி வரியில் ‘கோப்பு வெற்றிகரமாக அனுப்பப்பட்டது’ என்று ஒரு செய்தி.

பதினான்கு மாதம் சத்தமே இல்லை. போன மாதம் வெளி நிறுவனம், ‘இரண்டு நாளாகக் கோப்பு வரவில்லை’ என்றது. கையால் ஓட்டிப் பார்த்தால் எதிர்ப்பக்கத்து சர்வரிடமிருந்து 530 என்ற மறுப்பு எண். அந்தப் பக்கத்துக் கடவுச்சொல் காலாவதியாகியிருந்தது. இப்போது நிர்வாகம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறது.

அவர் கேட்பது: பிழை வந்தும் மான்மெசேஜ் ஏன் பிடிக்கவில்லை? பேட்சில் (திரை இல்லாமல் பின்னணியில்) ஓட்டி, ஜாப் லாகையும் (ஓடும் ஒவ்வொரு வேலையும், அதாவது ஜாபும், விட்டுச்செல்லும் பதிவு) நிறுத்திவிட்டால் தொல்லை தீருமா? ஸ்கிரிப்டில் கடவுச்சொல் இருப்பது தப்பா? பாதுகாப்புக் குழுவின் எக்ஸிட் புரோகிராம் (எஃப்டிபி கோரிக்கைகளைச் சோதித்து அனுமதிக்கும் அல்லது மறுக்கும் புரோகிராம்) அடிக்கடி குறுக்கே வருகிறது, எல்லா அதிகாரமும் உள்ள க்யூசெக்ஆஃபர் புரொஃபைலில் (பயனர் கணக்கில்) ஓட்டினால் தப்பிக்கலாமா? கடைசியாக, ‘தப்பு முழுக்க என்னுடையதுதானா?’

---

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முழுக்க உங்களுடையது இல்லை. கடவுச்சொல் காலாவதியாகப் போகிறது என்று முன்கூட்டிச் சொல்லாதது அவர்கள் பக்கம். கோப்பு வராத முதல் நாளே கேட்காததும் அவர்கள் பக்கம்தான். ஆனால் ‘வெற்றிகரமாக’ என்ற ஒரு சொல் உங்களுடையது. அந்த வரி எதையும் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதப்பட்டதல்ல. எஃப்டிபி கட்டளை முடிந்து அடுத்த வரிக்கு ஓட்டம் வந்துவிட்டது, அதற்கு மேல் உங்கள் புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது.

மான்மெசேஜ் ஏன் பிடிக்கவில்லை

ஐபிஎம் ஐயில் பழகியவர்கள் பெரும்பாலும் நம்பும் விஷயம் இது: கட்டளை தோற்றால் எஸ்கேப் மெசேஜ் (தோல்வியைச் சொல்லி ஓட்டத்தை நிறுத்தும் செய்தி) வரும், மான்மெசேஜ் போட்டால் பிடித்துவிடலாம். காப்பி ஃபைல் கட்டளைக்கு அது சரி. எஃப்டிபிக்குச் சரிவராது. எஃப்டிபி கட்டளையைப் பொறுத்தவரை அதன் வேலை, கொடுத்த வரிகளை எதிர்ப்பக்கம் சொல்லி, வந்த பதிலை எழுதிவைப்பது. சர்வர் ‘முடியாது’ என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான். பதில் கிடைத்துவிட்டதே, கட்டளை நல்லபடியாக முடிந்தது என்று அது நினைத்துக்கொள்கிறது.

அந்த இரண்டு மாலைகளில் நடந்த உரையாடலைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

220 – சர்வர் தயார்.
331 – கடவுச்சொல் கொடு.
530 – உள்ளே விடமாட்டேன்.
(உங்கள் ஸ்கிரிப்ட்: இந்தக் கோப்பை வாங்கிக்கொள்.)
530 – முதலில் உள்ளே வா.
(உங்கள் ஸ்கிரிப்ட்: சரி, வருகிறேன்.)
221 – போய் வா.

உள்ளே விடவில்லை என்று தெரிந்தும் ஸ்கிரிப்ட் அடுத்தடுத்த வரிகளைப் படித்துக்கொண்டே போகிறது பாருங்கள். நிறுத்தச் சொல்ல அங்கே யாரும் இல்லை. இந்த ஏழு வரிகளும் க்யூடெம்பில் இருந்தன. உங்கள் புரோகிராமே அதை அழித்துவிட்டது.

இந்த எண்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1985-ல் வந்த ஆர்எஃப்சி 959 என்ற ஆவணம்தான் இன்றைக்கும் எஃப்டிபிக்கு அடிப்படை. அதன்படி முதல் இலக்கம் 1 என்றால் வேலை தொடங்கியது, இன்னும் முடியவில்லை. 2 என்றால் முடிந்தது. 3 என்றால் இன்னும் ஏதோ வேண்டும். 4 என்றால் இப்போதைக்கு முடியாது, பிறகு முயன்று பார். 5 என்றால் இப்படியே திரும்பக் கேட்டாலும் பதில் மாறாது. உங்கள் 530 ஐந்தாம் ரகம். இரவு முழுக்க மறுபடி மறுபடி முயன்றிருந்தாலும் பயனில்லை, ஒரு மனிதர் போய்க் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும்.

திரை வேண்டாம், வெளியீடு வேண்டும்

திரையில் வரிகள் ஓடக்கூடாது என்று நீங்கள் நினைத்தது நியாயமானதே. கணக்குப் பிரிவில் இருப்பவர் எஃப்டிபி பேச்சைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. அவுட்புட்டை ஓவர்ரைடு செய்ததும் சரியான வழிதான். தவறு அதற்கு அடுத்த அடியில் இருக்கிறது. திரையிலிருந்து எடுத்ததை வேறொரு இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

க்யூடெம்ப் அதற்கு ஏற்ற இடமில்லை. அது அந்தந்த ஜாபுக்கே சொந்தமானது, ஜாப் முடிந்தால் அதுவும் போய்விடும். பேட்சுக்கு மாறினால் நீங்கள் அழிக்காவிட்டாலும் தானாகவே அழிந்துவிடும். நிரந்தர லைப்ரரியில் ஒரு ஃபைல் வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு மெம்பர் என்று தேதி நேரத்தோடு போட்டுவையுங்கள். அறுபது நாள் வைத்திருந்து பழையதை நீக்கினால் இடம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு நாளைய பேச்சு நூறு வரிகூட வராது.

பேட்சுக்கு மாற்றுங்கள், தயங்காமல். எஃப்3 பிரச்சினை அடியோடு போய்விடும். ஆனால் மாற்றும்போது இரண்டு இடங்களில் பலர் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, மெனு புரோகிராமில் ஓவர்ரைடு செய்துவிட்டு எஃப்டிபியை சப்மிட் செய்வது (பேட்ச் வரிசைக்கு அனுப்புவது). சப்மிட் செய்த ஜாப் புதிய ஜாப். உங்கள் ஜாபில் போட்ட ஃபைல் ஓவர்ரைடுகள் அதற்குப் போகாது. ஆகவே ஓவர்ரைடு இரண்டும் எஃப்டிபியும் ஒரே சிஎல் (இந்தக் கணினியின் கட்டளை மொழி) புரோகிராமில் இருக்கட்டும், அந்த சிஎல்லை சப்மிட் செய்யுங்கள்.

இரண்டு, அந்த சிஎல் ஐஎல்இ என்ற புதிய ரகமாக இருந்து, இயல்பான ஆக்டிவேஷன் குரூப்பில் (ஜாபுக்குள் புரோகிராம்கள் ஓடும் பிரிவு) இல்லாமல் தனியொன்றில் ஓடினால், ஓவர்ரைடு அந்தக் குரூப்போடு நின்றுவிடும். எஃப்டிபி அதைக் காணாது. இன்டராக்டிவில் (திரையிலிருந்து நேரடியாக ஓட்டும்போது) இது நடந்தால் ஸ்கிரிப்டைப் படிக்காமல் வெறும் எஃப்டிபி திரை எழுந்து பெயரைக் கேட்டு நிற்கும். ஆட்களுக்கு ஒன்றும் புரியாது. ஓவர்ரைடின் ஸ்கோப்பை (எதுவரை செல்லும் என்பதை) ‘கால் லெவல்’ என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள், தீர்ந்தது.

ஜாப் லாகை நிறுத்துவது பற்றிக் கேட்டீர்கள். எந்தச் சூழலிலும் பதிவே வராதபடி செய்யும் வித்தைகளைத் தேட வேண்டாம். ஜாப் டிஸ்கிரிப்ஷனில் லாகிங் அளவை ‘நோ லிஸ்ட்’ என்று வையுங்கள். ஜாப் ஒழுங்காக முடிந்தால் ஜாப் லாக் ஸ்பூலுக்கு (அச்சு வரிசைக்கு) வராது. அசாதாரணமாக முடிந்தால் மட்டும் வரும். நீங்கள் தேடிய அமைதி கணினியிலேயே தயாராக இருக்கிறது. ஆனால் அது வேலை செய்ய வேண்டுமென்றால், தோற்ற ஜாப் உண்மையிலேயே தோற்றதாக முடிய வேண்டும். அதைத்தான் நீங்கள் இன்னும் எழுதவில்லை.

பதிவைப் படிக்கும் சின்னப் புரோகிராம்

எஃப்டிபி முடிந்ததும் அந்த வெளியீட்டு மெம்பரை வரி வரியாகப் படிக்க ஆர்பிஜி மொழியில் ஒரு சிறிய புரோகிராம் போதும். அதில் என்ன தேட வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

226 என்று தேடினால் போதும் என்று பலர் சொல்வார்கள். பல சர்வர்கள் பரிமாற்றம் முடிந்ததும் 226 சொல்லும், உண்மைதான். சில சர்வர்கள் 250 சொல்லும். சரி, இரண்டையும் தேடலாம் என்றால், டைரக்டரி மாற்றியதற்கும் 250 வரும்! கோப்பே போகாமல், டைரக்டரி மாறியதற்கு வந்த 250-ஐப் பார்த்து ‘வெற்றி’ என்று உங்கள் புரோகிராம் மறுபடியும் சொல்லும். அதனால் எண்ணை மட்டும் தேடாதீர்கள். நீங்கள் கொடுத்த கட்டளைகள் வெளியீட்டில் தனிக் குறியோடு வரும். அனுப்பும் கட்டளையின் வரியைக் கண்டுபிடியுங்கள். அதற்கும் அடுத்த கட்டளை வரிக்கும் நடுவில் 2-ல் தொடங்கும் பரிமாற்ற முடிவுப் பதில் இருக்கிறதா, 4-லோ 5-லோ தொடங்குவது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பதிலையும் தோல்வியாகவே எண்ணுங்கள். பாதியில் இணைப்பு அறுந்தால் பிழை எண்கூட வராமல் போகலாம்.

அதே இடத்தில் எத்தனை பைட் போனது என்றும் ஒரு வரி வரும். அதையும் எடுத்து, அனுப்ப வேண்டியது எவ்வளவு என்பதோடு ஒப்பிடுங்கள். காலிக் கோப்பும் 226 வாங்கும்.

இன்னொன்று. 226 வந்தும் கோப்பு குப்பையாக இருக்கலாம். நம் கணினி எப்சிடிக் எழுத்துமுறையில் எழுதுகிறது, எதிர்ப்பக்கம் ஆஸ்கி என்ற வேறு எழுத்துமுறை. எழுத்துப் பரிமாற்ற முறையில் அனுப்பினால் எஃப்டிபி ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்து என்று நினைத்து மாற்றும். பெயர், முகவரி எல்லாம் அழகாகப் போய்ச் சேரும். ஆனால் ஒரு தொகை பேக்டு வடிவில் (ஒரு பைட்டில் இரண்டு இலக்கமாக அடைத்து) இருந்தால்? 12345 என்ற தொகை மூன்றே பைட்டில் உட்கார்ந்திருக்கும்: 12, 34, 5எஃப் (எஃப் என்பது கூட்டல் குறி). இவை எழுத்தே இல்லை. மாற்று அட்டவணை இவற்றையும் மாற்றிவிடும், தொகை போச்சு. எஃப்டிபிக்கு அது தெரியவே தெரியாது, 226 சொல்லிவிட்டுப் போய்விடும். பணப்பட்டுவாடாக் கோப்பு என்கிறீர்கள், ஆகவே தொகைகள் எல்லாம் எழுத்தாக மாற்றப்பட்ட பிறகுதான் அனுப்பப்படுகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். சேவ் ஃபைல் (பேக்கப் பொதி) என்றால் எப்போதும் பைனரி, அதாவது எதையும் மாற்றாமல் அப்படியே.

வெளி நிறுவனம் ஒத்துக்கொண்டால், கோப்பை முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் அனுப்பி, முடிந்த பிறகு சரியான பெயருக்கு மாற்றுங்கள். பாதி வந்த கோப்பை அவர்கள் புரோகிராம் அள்ளிக்கொண்டு போகாது. பெயர் மாற்றத்துக்கு வரும் பதிலும் உங்களுக்கு இன்னொரு சாட்சி.

எல்லாம் சரி என்றால் புரோகிராம் பேசாமல் முடியட்டும். இல்லையென்றால் சிபிஎஃப்9898-ஐ (நம் வாசகத்தைச் சேர்க்க இடம் தரும் பொதுச் செய்தி) எஸ்கேப் மெசேஜாக அனுப்பி, அதில் சர்வர் சொன்ன வரியையே அப்படியே சேர்த்துவிடுங்கள். ஜாப் அசாதாரணமாக முடியும், ஜாப் லாக் வரும், சப்மிட் செய்தவருக்கும் தகவல் போகும். மெனு தட்டும் ஊழியருக்கு ‘வரிசையில் போடப்பட்டது’ என்று உடனே ஒரு வரி, முடிந்ததும் எத்தனை ரெக்கார்டு, எத்தனை மணிக்குப் போனது என்று இன்னொரு வரி. எண்ணிக்கையைச் சொன்னால் அவரே கண்டுபிடிப்பார்: ‘இன்றைக்கு இவ்வளவு குறைவாக இருக்காதே’ என்று கேட்கக்கூடியவர் அந்த அலுவலகத்தில் அவர்தான்.

கடவுச்சொல், க்யூசெக்ஆஃபர்

சோர்ஸ் மெம்பரின் முதல் வரியில் பெயரும் கடவுச்சொல்லும் இருப்பது இந்தக் கணினியில் காலங்காலமாக நடப்பதுதான். அதற்காக அது நல்லதாகிவிடாது. அந்த ஃபைலின் பொது அதிகாரத்தை நீங்கள் தொடாமல் விட்டிருந்தால், கட்டளை வரி கிடைக்கும் யாரும் அதைத் திறந்து படிக்கலாம். இயல்பாக வரும் ‘சேஞ்ச்’ அதிகாரம் என்றால் மாற்றவும் செய்யலாம். இன்றைக்கே பொது அதிகாரத்தை ‘எக்ஸ்க்ளூட்’ ஆக்குங்கள். பேக்கப் டேப்பிலும் அது இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சாதாரண எஃப்டிபியில் கடவுச்சொல் வலைப்பின்னலில் மறைக்கப்படாமலேயே போகிறது என்பது அதைவிடப் பெரிய சங்கதி.

க்யூசெக்ஆஃபர் விஷயத்தில் வளைத்துப் பேசமாட்டேன்: வேண்டவே வேண்டாம். முதலில், நினைத்தது நடக்காது. எஃப்டிபி கிளையண்டுக்கான (அனுப்பும் பக்கத்துக்கான) எக்ஸிட் பாயிண்டில் அந்த எக்ஸிட் புரோகிராம் பதிவாகியிருந்தால், யார் ஓட்டினாலும் அது அழைக்கப்படும். இரண்டாவது, எல்லா அதிகாரமும் உள்ள புரொஃபைலில் ஒரு தினசரி ஸ்கிரிப்ட் ஓடினால், அந்த ஸ்கிரிப்டைத் திருத்த முடிந்த யாருக்கும் அந்தக் கணினியில் உள்ள எந்தக் கோப்பையும் வெளியே அனுப்பும் வழி கிடைத்துவிடுகிறது. மூன்றாவதுதான் உங்களுக்கு நேரடி ஆபத்து. விளக்கம் கேட்டிருக்கும் நேரத்தில் கண்காணிப்பைத் தாண்டப் பார்த்தது தணிக்கைப் பதிவில் வந்தால், இதுவரை கவனக்குறைவு என்று இருந்த விஷயத்துக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள்.

அதற்குப் பதில் பாதுகாப்புக் குழுவிடம் நீங்களே போய்க் கேளுங்கள்: இந்த ஒரு வேலைக்கென்று ஒரு புரொஃபைல், இந்த லைப்ரரி மட்டும், இந்த முகவரிக்கு மட்டும். அந்தப் புரொஃபைலில் யாரும் சைன் ஆன் செய்ய முடியாதபடி வைத்து, ஜாபை அதன் பெயரில் சப்மிட் செய்யுங்கள். கேட்பவர் வரையறையோடு வந்தால் எக்ஸிட் புரோகிராமில் ஒரு வரி சேர்க்க அவர்களுக்கும் தயக்கம் இருக்காது.

எஸ்எஃப்டிபிக்கு மாறலாமா

மாறலாம். எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் பாதுகாப்பான முறை அது. வெளி நிறுவனமும் சம்மதித்தால் கட்டாயம் மாறுங்கள், ஆனால் விளக்கக் கடிதம் போன பிறகு. ஐபிஎம் ஐயில் எஸ்எஃப்டிபியைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் 5733-எஸ்சி1 என்ற லைசென்ஸ்டு புரோகிராமாக வருகிறது. கடவுச்சொல்லுக்குப் பதில் சாவி. கட்டளைகள் எழுதிய பேட்ச் கோப்பைக் கொடுத்து ஓட்டினால், அனுப்பும் கட்டளை ஒன்று தோற்றதுமே அது நின்றுவிடும், தோல்வியைச் சொல்லும் பூஜ்யம் அல்லாத எக்ஸிட் ஸ்டேட்டஸ் (முடிவு எண்) கொடுக்கும். எஃப்டிபியில் நீங்கள் கையால் எழுத வேண்டிய பாதி வேலை இதில் தானாக வருகிறது. க்யூஷெல் (யூனிக்ஸ் பாணிக் கட்டளைகளை ஓட்டும் வசதி) வழியாக அழைத்தால், அந்த ஸ்டேட்டஸை எஸ்கேப் மெசேஜாக மாற்றித்தர ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் உண்டு; வெளியீட்டைத் திரைக்குக் காட்டாமல் ஒரு கோப்பில் சேர்க்க இன்னொன்று உண்டு. அப்போது நீங்கள் நம்பிய மான்மெசேஜ் நிஜமாகவே பிடிக்கும்.

கவனிக்க வேண்டியது இரண்டு. எஸ்எஃப்டிபி எழுத்து மாற்றம் எதுவும் செய்யாது, கோப்பை ஐஎஃப்எஸ்ஸில் (இந்தக் கணினியில் பிசி போல டைரக்டரிகளாக அமைந்த கோப்புப் பகுதி) சரியான எழுத்துமுறையில் எழுதிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அப்புறம், முதல் இணைப்பில் எதிர்க் கணினியின் அடையாளச் சாவியை ஏற்கவா என்று கேட்கும். பேட்சில் பதில் சொல்ல ஆள் இல்லாததால் தோற்கும். அந்தச் சோதனையையே அணைத்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் சாவியை வெளி நிறுவனத்திடம் சரிபார்த்து ஒருமுறை பதிந்துவிடுங்கள்.

விளக்கக் கடிதம்

சுருக்கமாக எழுதுங்கள். கடவுச்சொல் காலாவதியானது, சர்வர் மறுத்தது, புரோகிராம் அந்த மறுப்பைப் படிக்கவில்லை, படிக்காமலேயே வெற்றி என்று சொன்னது. இந்த நான்கும் தேதி வாரியாக. ‘சிஸ்டம் பிழை’ என்ற சொல்லைத் தொடாதீர்கள்; அது யாரையும் காப்பாற்றியதில்லை, அடுத்த கேள்வியைத்தான் கொண்டுவரும். என்ன மாற்றுகிறீர்கள், எந்தத் தேதிக்குள் என்று இரண்டு வரி. கடவுச்சொல் காலாவதித் தேதியை யார் யாருக்குச் சொல்வது என்று வெளி நிறுவனத்தோடு ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதையும் சேருங்கள். குறை சொல்வது போல வேண்டாம், கோரிக்கையாக.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ‘இரண்டு நாள் வரவில்லை’ என்பது அவர்கள் கவனித்தது. அதற்கு முன் பதினான்கு மாதம் உங்கள் புரோகிராம் தினமும் அதே செய்தியைத்தான் சொல்லியிருக்கிறது, போன நாளிலும் போகாத நாளிலும். அந்தப் பதினான்கு மாதத்துக்கும் உங்களிடம் ஒரு பதிவும் இல்லை. அவர்களிடம் வந்து சேர்ந்த கோப்புகளின் பட்டியலைத் தேதி, அளவோடு கேட்டு வாங்குங்கள். உங்கள் பக்கத்துத் தினசரித் தொகையோடு ஒவ்வொரு நாளாக வைத்துப் பாருங்கள். ஒரு நாள் விடுபட்டு, மறுநாள் கோப்பில் யாரோ கையால் சேர்த்துச் சரிக்கட்டியிருந்தால் அதை நினைவில் வைத்திருக்கக்கூடியவர், முன்பு எஃப்3 அழுத்திக்கொண்டிருந்த அதே ஊழியர்தான். முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள்.